அன்னை என்ற சொல்லுக்குள் அடங்காத தலைவர்: மீனாம்பாள் சிவராஜ்

தண்ணீர்க் குடம் சுமக்கும் பெண், குடத்துக்கும் தலைக்கும் இடையே எதைச் சும்மாடாக வைக்கலாம் என்பதற்கும் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. அது அரசு இயற்றிய சட்டம் அன்று. சாதி இயற்றிய சட்டம். 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார் கூடி ஆதிதிராவிடர் மீது 8 தடைகளை விதித்தனர். அத்தடைகளை மீறிய சேரிகளில் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியச் சேமிப்புகள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன. அத்துடனும் நிற்கவில்லை. 1931 ஜூனில் தடைகள் 11 ஆகப் பெருகின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பேற்றிருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தமது நூலில் வரிசைப்படுத்திப் பதிவு செய்திருக்கிறார். அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் இன்றைய சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளையும் உள்ளடக்கிய பெரிய நிலப்பரப்பு என்பதை இளைய வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டியலை இன்று படிக்கும் எவருக்கும் ஒன்று கண்ணில் படும். தடைகளில் கணிசமானவை பெண்ணின் உடலைச் சுற்றியே வரையப்பட்டிருந்தன. ஆதிதிராவிடப் பெண்கள் மேலுடம்பை இரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூச்சூடக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. செம்புக் குடத்திலோ பித்தளைக் குடத்திலோ தண்ணீர் எடுக்கக் கூடாது. சும்மாட்டுக்கு வைக்கோலைத்தான் பயன்படுத்த வேண்டும். துணியைச் சுருட்டி வைக்கக் கூடாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாரின் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. பிள்ளைகள் படிக்கக் கூடாது. மிராசுதாரின் மாடுகளை மேய்க்க வேண்டும். சாதி தன்னை மறு உற்பத்தி செய்துகொள்ளும் இடம் எது என்பதில் இந்தத் தடைகளை எழுதியவர்களுக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. தாயின் குடத்திலும் கூலியிலும் பிள்ளையின் பலகையிலும் கை வைத்தால் போதும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

இதே ஆண்டுகளில் சென்னையில் ஆதிதிராவிடச் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் பொதுமேடையில் ஏறி அரசியல் பேசிக்கொண்டிருந்தார். 1928இல் சைமன் குழுவை ஆதரித்துத் தமது முதல் பொது உரையை நிகழ்த்தியபோது அவருக்கு 24 வயதுகூட நிறைந்திருக்கவில்லை என்றே கணக்கிட வேண்டியிருக்கிறது. அவர் மீனாம்பாள் சிவராஜ். சென்னையில் வாழ்ந்த ஒரு தலைவரின் வாழ்க்கையை இராமநாதபுரத்துச் சும்மாட்டிலிருந்து ஏன் தொடங்குகிறோம் என்று வாசகர் கேட்கலாம். மீனாம்பாளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் அவரை ஒரு செல்வக் குடும்பத்தின் பேத்தியாகவும், ஒரு பெருந்தலைவரின் மனைவியாகவும், அண்ணல் அம்பேத்கரின் அன்புத் தங்கையாகவும் காட்டுவதோடு முடிந்துவிடுகின்றன. மூன்றும் உண்மையே. ஆனால் அவர் எதற்கு எதிராகப் பேசினார் என்பது அந்த உறவுமுறைகளுக்குள் கரைந்துபோகிறது. வைக்கோல் சும்மாட்டை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மேடையின் உயரம் நமக்குப் புலப்படும்.

மீனாம்பாள் 1904 டிசம்பர் 26 அன்று இரங்கூனில் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் பெ.மா. மதுரைப் பிள்ளை, சென்னை வேப்பேரியில் பிறந்து பர்மா சென்று வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் கடற்கரையில் மூட்டை தூக்கும் கூலியாக மட்டுமே அறியப்பட்ட காலத்தில் கப்பலுக்கு உரிமையாளராக இருந்தவர். அக்கப்பலுக்குத் தம் மகள் மீனாட்சியின் பெயரைச் சூட்டினார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் செய்தி. புலவர்களைப் போற்றினார், அவரைப் பாடிய பாடல்கள் மதுரைப் பிரபந்தம் என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. ஒரு தலித் வணிகரைத் தமிழ்ப் புலவர்கள் பாட்டுடைத் தலைவராக்கினார்கள் என்ற செய்தி நம் இலக்கிய வரலாற்று நூல்களில் எத்தனைப் பக்கங்களைப் பெற்றிருக்கிறது என்பதை வாசகரே தேடிப் பார்க்கலாம்.

கடல் எல்லோரையும் ஒரே விதமாகக் கடத்தியதில்லை. மதுரைப் பிள்ளையின் கப்பலுக்கு எதிர்ப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இடம் இராமேசுவரத்துக்கு மேற்கே உள்ள மண்டபம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்ற கூலிகள் இவ்வழியாகவே போனார்கள். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாட்கள் அடைத்து வைத்து, நோய் இல்லை என்று உறுதி செய்தபின் அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பெண்களும் கைக்குழந்தைகளும் ஏராளம். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின்னர் அவர்களுடைய பேரன் பேத்திகள் இதே இராமேசுவரக் கரையில் இறங்கி இதே மண்டபத்தில் மீண்டும் காத்திருந்தார்கள். கடல் கடந்து சென்ற ஒரு குடும்பத்தின் பேத்தி கல்வியோடு சென்னைக்கு வந்தார். கடல் கடந்து சென்ற ஆயிரமாயிரம் குடும்பங்களின் பேத்திகள் தோட்டத்து லயத்திலிருந்து அகதி முகாமுக்கு வந்தார்கள். மீனாம்பாளின் குடும்பச் செல்வத்தைப் பெருமையோடு சொல்லும்போது அது எவ்வளவு அரிதான விதிவிலக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த விதிவிலக்கைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே நம் அக்கறை.

தாய் மீனாட்சி, தந்தை வாசுதேவப் பிள்ளை. தந்தை சென்னை மாநகராட்சியிலும் மாகாணச் சட்டமன்றத்திலும் ஆதிதிராவிடர்களின் சார்பாக உறுப்பினராக அமர்ந்த முன்னோடிகளில் ஒருவர். சேரிக்குத் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பள்ளி, புறம்போக்கு நிலம் என்று மனுக்களும் கோரிக்கைகளும் நிறைந்திருந்த அரசியல் அது. இன்று நமக்கு அது சிறிய அரசியலாகத் தோன்றலாம். ஒரு குழாயடியில் யார் முதலில் குடம் வைப்பது என்பதற்கே தலை உருண்ட காலத்தில் அது சிறியதன்று. அத்தகைய வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அரசியல் என்பது மேடையிலிருந்து கேட்டு அறியும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

1918இல் அவருக்கும் ந. சிவராஜுக்கும் திருமணம் நடந்தது. சிவராஜ் சட்டம் பயின்றவர். சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியர். சென்னை மாகாணச் சட்டமன்றம், மத்திய சட்டசபை, 1945-46இல் சென்னை மாநகரத் தந்தை, 1942இல் நாகபுரியில் உருவான அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர், 1957இல் செங்கற்பட்டுத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர் என அவருடைய பொதுவாழ்வு நீண்டது. கணவரின் பதவிகளை இவ்வாறு ஒரே மூச்சில் அடுக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மனைவி அதன் நிழலில் நடந்தவர் என்ற எண்ணம் தானாகவே வந்துவிடும். சிவராஜ் கூட்டமைப்பின் தலைவராவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே மீனாம்பாள் மேடை ஏறிவிட்டார் என்பதைப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுவது நல்லது.

அந்த முதல் உரையின் பின்னணி இன்றும் நம்மில் சிலரைச் சங்கடப்படுத்துகிறது. சைமன் குழுவில் இந்தியர் ஒருவரும் இல்லை என்பதால் காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. கறுப்புக் கொடி காட்டியது. பள்ளிப் பாடநூல்களில் அந்தப் பக்கம் மட்டுமே இருக்கிறது. ஆனால் நாடெங்கும் ஒடுக்கப்பட்டோர் அமைப்புகள் அக்குழுவின் முன் சென்று தம் நிலையை எடுத்துரைக்க முடிவு செய்தன. அம்பேத்கர் 1928இல் பூனாவில் அக்குழுவின் முன் சாட்சியம் அளித்தார். புறக்கணித்தவர்களுக்குச் சட்டமன்றத்தில் இடம் இருந்தது, பத்திரிகை இருந்தது, அலுவலகங்களில் உறவினர் இருந்தனர். குரல் கேட்கப்படுவதற்கு வேறு வாசலே இல்லாதவர்கள் திறந்த ஒரே வாசலில் நுழைந்தார்கள். அதைத் துரோகம் என்று அழைப்பதற்கு முன் இராமநாதபுரத்து நாட்டார் தடைகளை விதித்தபோது தேசியம் பேசியவர்கள் எத்தனை பேர் அந்தச் சேரிகளுக்குச் சென்றார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 23 வயதுப் பெண் ஒருவர், ஊரே எதிர்த்திசையில் முழக்கமிடும்போது இந்த வாசலின் பக்கம் நின்று பேசினார். அதற்குப் பணமும் பரம்பரையும் மட்டும் போதுமா?

1930களில் அவர் சென்னையோடு நின்றுவிடவில்லை. 1937இல் திருநெல்வேலி மாவட்ட ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமையேற்றார். தென்மாவட்டங்களில் ஒரு பெண் ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை வகிப்பது என்பதை இன்றைய கண்ணோடு பார்த்துக் கடந்துவிடக் கூடாது. அக்கால மாநாடுகளில் பெண்களுக்குத் தனி அமர்வு கொடுப்பதே முற்போக்கு எனக் கருதப்பட்டது. ஆண்கள் நிரம்பிய பொது மாநாட்டுத் தலைமை நாற்காலி பெண்ணுக்குக் கிடைப்பது அரிது. அதிலும் இரவிக்கை அணிவதே குற்றம் என்று நாட்டார் அறிவித்து 6 ஆண்டுகளே ஆகியிருந்த தென்னாட்டில், முழுமையாக உடுத்திய, ஆங்கிலமும் தமிழும் கற்ற ஆதிதிராவிடப் பெண் மேடையின் நடுவில் அமர்ந்திருந்த காட்சி, அவர் வாய் திறப்பதற்கு முன்பே ஒன்றைச் சொல்லியிருக்கும். கல்வி, ஒற்றுமை, பெண்களின் முன்னேற்றம் ஆகியவையே அவருடைய பொதுவாழ்வு முழுவதும் ஓடிய இழைகள். இவை தேய்ந்த சொற்களாக நமக்குப் படலாம். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்ற கட்டளையைக் கேட்டு வந்த தாய்மாருக்கு அவை தேய்ந்த சொற்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. கட்டாய இந்தியை எதிர்த்த போராட்டம் கொழுந்துவிட்டு எரிந்த நேரம். மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஆகியோருடன் மீனாம்பாளும் முன்னணியில் நின்றார். ஈ.வெ. இராமசாமியை இனிப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது இந்த மாநாட்டில்தான். மறுநாளே மறியலில் இறங்கிய பெண்கள் கைக்குழந்தைகளோடு சிறை சென்றனர். அம்மாநாட்டில் ஆற்றிய உரையும் காரணமாகப் பெரியார் மீது வழக்குத் தொடரப்பட்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பெரியார் என்ற பட்டத்தை அளித்தவர் யார் என்பதில் இன்றும் பூசல் நடக்கிறது. தருமாம்பாள் என்பார் சிலர். மீனாம்பாள் என்பார் நம்மவர். நம் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: அது மாநாடு கூடி எடுத்த தீர்மானம், ஒருவர் கையிலிருந்து வழங்கிய பரிசு அன்று. மீனாம்பாளைப் பெருமைப்படுத்துவதற்காக மற்றப் பெண்களின் பெயரை அழிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால் அந்த மேடையில் ஓர் ஆதிதிராவிடப் பெண் முன்வரிசையில் நின்றார் என்ற உண்மையைப் பிறர் விழாக்களில் விட்டுவிடும்போது நாம் மௌனம் காக்கவும் முடியாது. மொழிப்போரின் முதல் ஈகி என்று போற்றப்படும் நடராசன் 1939 ஜனவரி 15 அன்று இறந்தார். அவர் ஒரு தலித் இளைஞர் என்பதும் இவ்வாறே நெடுங்காலம் மெல்லிய குரலில் மட்டும் சொல்லப்பட்டு வந்தது.

அம்பேத்கரின் இயக்கத்தில் மீனாம்பாள் வகித்த இடம் இதைவிடவும் ஆழமானது. 1942 ஜூலையில் நாகபுரியில் பட்டியல் சாதியினர் மாநாடு சிவராஜ் தலைமையில் கூடியபோது, அதையொட்டிப் பெண்கள் மாநாடு ஒன்றும் நடந்தது. அதற்குத் தலைமையேற்றவர் சுலோசனாபாய் டோங்ரே. பல்லாயிரம் பெண்கள் திரண்ட அந்த மாநாட்டின் தீர்மானங்களைப் படித்தால் இன்றும் வியப்பு மேலிடும். மணவிலக்கு உரிமை வேண்டும். பலதார மணம் தடை செய்யப்பட வேண்டும். ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கு ஊதியத்துடன் விடுப்பும் ஓய்வூதியமும் வேண்டும். ஆலைகளில் பெண் தொழிலாளர்மீது பெண் மேற்பார்வையாளர் நியமிக்கப்பட வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு விடுதிகள் வேண்டும். சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கப்பட வேண்டும். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் முன்னெடுப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தலித் பெண்கள் அதன் உள்ளடக்கத்தில் பாதியைத் தீர்மானமாக எழுதிவிட்டார்கள். பெண்ணுரிமைச் சட்டங்களின் வரலாற்றைப் பேசுவோர் இந்தப் பெண்களைத் தாண்டிக் குதித்து மேல்சாதிச் சீர்திருத்தப் பெண்மணிகளிடம் போய் நிற்பது ஏன் என்று தெரியவில்லை. தெரியும் என்பதுதான் சரி.

இந்தப் பெண்கள் இயக்கத்தின் அடுத்த கட்டத்தில் தென்னாட்டிலிருந்து வந்து தலைமையேற்றவர் மீனாம்பாள். 1944 செப்டம்பரில் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராகச் சென்னைக்கு வந்தபோது நடந்த பட்டியல் சாதிப் பெண்கள் மாநாட்டில் தலைமை அவருடையது. 1945 மே மாதத்தில் பம்பாயில் நடந்த கூட்டமைப்பின் பெண்கள் மாநாட்டுக்கும் அவரே தலைவர். மராத்தி பேசும் மகர் பெண்கள் நிறைந்த பம்பாயில், மில் தொழிலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் வாழ்ந்த குடியிருப்புகளின் நகரத்தில், தமிழ்நாட்டுப் பெண் ஒருவரைத் தலைமைக்கு அழைத்தார்கள். மொழி கடந்த ஓர் இந்திய தலித் பெண்கள் இயக்கம் அப்போது இருந்தது. அம்பேத்கர் அவரைத் தம் உடன்பிறந்தவளாகக் கருதினார் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். உடன்பிறப்பு என்பதற்காக மட்டும் ஒருவரைத் தம் கட்சியின் மாநாட்டுக்குத் தலைவராக்கும் மனிதர் அல்லர் அம்பேத்கர். தகுதி பார்த்தே பொறுப்பளிப்பதில் அவர் எவ்வளவு கறாரானவர் என்பதை அவருடன் பணியாற்றியவர்கள் அறிவார்கள்.

மீனாம்பாள் வகித்த பிற பொறுப்புகள் பல: சென்னை மாநகராட்சி உறுப்பினர், கௌரவ மாகாண நீதிபதி, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவை உறுப்பினர், போருக்குப் பிந்தைய மறுவாழ்வுக் குழு உறுப்பினர், பட்டியல் சாதியினர் கூட்டுறவு வங்கியின் இயக்குநர். இவற்றுள் நீதிபதிப் பொறுப்பைப் பற்றி மட்டும் சற்று நின்று யோசிக்கலாம். கௌரவ நீதிபதிகளின் முன் வந்தவை பெரும்பாலும் சிறு வழக்குகள். தெருச் சண்டை, அனுமதியின்றிக் கடை போட்டது, குடித்துவிட்டு ரகளை செய்தது போன்றவை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அதுவரை அவர்கள் நிமிர்ந்து பார்த்த நீதி இருக்கையில் மேல்சாதி ஆணோ வெள்ளையரோ இருந்தார். இப்போது அங்கே சேரியின் பெயரைத் தாங்கிய ஒரு பெண். எதிரில் கைகட்டி நின்ற மேல்சாதியினர் அவரை அம்மா என்று விளிக்க வேண்டியிருந்தது. தெற்கே கிராமத்துப் பஞ்சாயத்துகளில் கைகட்டி நின்றவர்கள் யார் என்பதை நாம் அறிவோம்.

கூட்டுறவு வங்கியையும் இலேசாக எண்ணிவிடக் கூடாது. நிலத்தை மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் பாசனத்துக்குத் தண்ணீர் விடப்படாது என்று 1931ஆம் ஆண்டுத் தடைகளில் ஒன்று கூறுகிறது. கடனுக்காக நிலத்தை இழந்த வரலாறே நம் கிராமங்களின் வரலாறு. மிராசுதாரின் திண்ணைக்குப் போகாமல் கடன் பெற ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணமே கூட்டுறவு வங்கியின் வேர். அது பெரிய வெற்றி பெற்றதா என்பது வேறு கணக்கு.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார், பேரப்பிள்ளைகளைக் கண்டார். அரசியல் காரணமாக ஊர் ஊராகச் செல்லும் கணவர், இயக்கத்தார் எந்நேரமும் வந்து போகும் வீடு, வந்தவருக்கு உணவு, ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைக்குத் தங்க இடம் என்பதுதான் அக்காலத் தலித் தலைவர்களின் வீடுகளில் அன்றாடம். கட்சிக்கு அலுவலகமும் நிதியும் இல்லாத காலத்தில் தலைவரின் வீடே அலுவலகம், அடுப்படியே நிதி. அந்த உழைப்பைச் செய்த பெண்களின் பெயர்கள் எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் இல்லை. மீனாம்பாள் அதையும் செய்தார்; மாநாட்டுத் தலைமையையும் ஏற்றார். நம் இயக்கம் அவருக்கு அன்னை என்ற அடைமொழியைச் சூட்டியது. அது உண்மையான அன்பில் பிறந்தது. அதில் குறை காண நாம் வரவில்லை. ஆனால் ஆண் தலைவர்களுக்குப் பேராசிரியர், பாரிஸ்டர், தளபதி, புரட்சியாளர் என்று பணியைக் குறிக்கும் பட்டங்களும், பெண் தலைவர்களுக்கு அன்னை, அம்மையார், தங்கை என்று உறவைக் குறிக்கும் பட்டங்களும் வழங்கப்படும் வழக்கத்தை நம் கூட்டங்களில் யாரேனும் ஒருவர் எழுந்து கேட்டிருக்க வேண்டும். அன்னை என்று அழைத்துவிட்டால் அவருடைய அரசியல் முடிவுகளை விவாதிக்க வேண்டியதில்லை. சைமன் குழு ஆதரவையும், இந்தி எதிர்ப்பு மேடையையும், கூட்டமைப்பின் தலைமையையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்க வேண்டியதில்லை. மாலை அணிவித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இராமநாதபுரம் மீண்டும் இக்கதைக்குள் வருவது 1957இல். அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். இராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டியவர். முந்தைய நாள்தான் முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் ஆதிக்க சாதித் தலைவரோடு சமமாக அமர்ந்து பேசியிருந்தார். அதைத் தொடர்ந்து மாவட்டம் எரிந்தது. 22 நாட்களுக்குப் பின், அக்டோபர் 3 அன்று, நாகபுரியில் இந்தியக் குடியரசுக் கட்சி அமைக்கப்பட்டுச் சிவராஜ் தலைவரானார். அம்பேத்கர் மறைந்து ஓராண்டு கூட ஆகவில்லை. வடக்கே ஒரு கட்சி பிறந்தது. தெற்கே சேரிகளில் சாம்பல் ஆறவில்லை. அக்கட்சி தென்மாவட்டங்களில் வேர் பிடிக்காமல் போனதற்குப் பல காரணங்கள் கூறலாம். வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சென்னை, கோலார் ஆகியவற்றின் இயக்க மரபு வைகைக்குத் தெற்கே ஒரு தொடர்ச்சியாக வந்து சேரவில்லை என்பது எமது எண்ணம். 1937இல் மீனாம்பாள் மேற்கொண்டது போன்ற தென்னாட்டுப் பயணங்கள் மேலும் பல நடந்திருக்க வேண்டும்.

இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டபோது அவருக்கு 33 வயதுகூட நிறையவில்லை. மனைவியும் நான்கு பெண் மக்களும் எஞ்சினர். நினைவேந்தலில் அந்த வீட்டுப் பெண்கள் சுமந்த ஆண்டுகளைப் பற்றி எத்தனை மேடைகள் பேசியிருக்கின்றன? கொலையுண்ட தலைவரின் வீட்டிலும், கட்சி நடத்திய தலைவரின் வீட்டிலும் பிள்ளைகளை வளர்த்த பெண்களின் வரலாறு எழுதப்படாமலேயே கிடக்கிறது.

1964 செப்டம்பர் 29 அன்று சிவராஜ் மறைந்தார். அதன்பின் மீனாம்பாள் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். குடியரசுக் கட்சி பிளவுபட்டதையும், திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்ததையும், 1968இல் வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதையும், அம்பேத்கர் நூற்றாண்டில் நாடெங்கும் புதிய தலித் எழுச்சி தோன்றியதையும் காணும் அளவுக்கு அவருடைய வாழ்நாள் நீண்டது. 1930களின் பெண்கள் மேடையில் நின்றவர்களில் 1990களைக் கண்டவர்கள் மிகச் சிலரே. அவர் 1992 நவம்பர் 30 அன்று மறைந்தார். 6 நாட்கள் கழித்து அம்பேத்கர் நினைவு நாள். அன்றைய தினம் அயோத்தியில் நடந்தது நாடறிந்தது. அந்தப் புழுதியில் சென்னையில் மறைந்த ஒரு மூதாட்டியின் செய்தி எவ்வளவு இடம் பெற்றிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. நினைவு நாட்களின் வரிசையில் நவம்பர் 30 இன்றும் டிசம்பர் 6க்குள் கரைந்தே போகிறது.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 அன்று பரமக்குடி நினைவிடத்துக்குக் கிராமங்களிலிருந்து மக்கள் வருகிறார்கள். 2011இல் இதே நாளில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோன பின்னும் வரவு குறையவில்லை. வழியெங்கும் பதாகைகள், பதாகைகளில் பெரும்பாலும் ஆண்களின் முகங்கள். அவற்றுக்குக் கீழே, வெயில் ஏறிய தார்ச்சாலையில், பெண்கள் வரிசையாக முளைப்பாரி சுமந்து நடக்கிறார்கள். பாட்டியும் மகளும் பேத்தியுமாக ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையினர் அவ்வரிசையில் செல்வதைப் பார்க்கலாம். இரவிக்கை அணிந்திருக்கிறார்கள்; பூச்சூடியிருக்கிறார்கள்; காலில் செருப்பு இருக்கிறது. தலையில் முளைப்பாரிக்கு அடியில் துணிச் சும்மாடு.